பனிக்குத் தயார் செய்த கார்

விருதுநகரில் ஒரு காரைப் பனிக்குத் தயார் செய்ய வேண்டும் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"பனின்னா மார்கழிப் பனிதானே டீச்சர்? துணிய வச்சு கண்ணாடியத் தொடச்சுக்கிட்டாப் போதுமே" என்றார் மெக்கானிக் முனியசாமி.

"இல்லண்ணே. ஐஸ். ரோட்டுல முழங்கால் அளவுக்கு ஐஸ் கிடக்கும்."

"அப்ப பேசாம படகு வாங்கிருங்க" என்றார் பக்கத்தில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த லோடு ஆட்டோக்காரர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எங்கள் தெருவில் முதலில் கார் வாங்கியவளும் நான்தான். பழைய பெட்ரோல் கார் என்றாலும் என் சம்பளத்தில் வாங்கியது. மல்லாங்கிணற்றில் அறிவியல் ஆசிரியை. தண்ணீர் உறைந்தால் விரியும், விரிந்தால் எஞ்சினையே பிளக்கும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவளிடமா படகு வாங்கச் சொல்வது?

நாங்கள் போக வேண்டியிருந்தது என் தங்கை எஸ்தர் வீட்டுக்கு. அவள் இமாசலத்து மலையூர் ஒன்றில், மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே ஒரு மலைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். முடித்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். அன்றிலிருந்து மூன்று வருடம் அப்பா அவளோடு பேசவில்லை. குழந்தை பிறந்தபோது அம்மா மட்டும் ரயிலேறிப் போய் அங்கேயே இருந்துவிட்டாள். இப்போது புது வருடத்துக்கு முந்திய ஞாயிறு குழந்தைக்கு ஞானஸ்நானம். அப்பாவை எப்படியாவது கூட்டிக்கொண்டு வா என்று எஸ்தர் போனில் அழுதாள்.

அப்பா அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் லோடு வண்டி ஓட்டுகிறவர். தீபாவளி சீசனில் டெல்லி, பஞ்சாப் வரை வெடி லோடு ஏற்றிப் போய்த் திரும்பியவர். ரயிலில் வரமாட்டேன் என்றார். பஸ்ஸில் மாட்டேன் என்றார். கடைசியாக நான், "நான் கார்ல போறேன். அம்புட்டு தூரம் ஒத்தையில ஓட்ட முடியாது" என்றேன்.

அவர் வாசலில் நின்ற காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "டிரைவரா வாறேன். பார்ட்டி வாசல்ல உன்னைய இறக்கி விட்டுட்டு வண்டியிலயே படுத்துக்கிருவேன். உள்ள வரமாட்டேன்."

பார்ட்டி என்றால் சரக்கு போய்ச் சேர வேண்டிய ஆள். பெற்ற மகளுக்கு அவர் வைத்த பெயர் அது. ஆனாலும் வருகிறேன் என்றாரே, அதுவே எனக்குப் பெரிதாகப் பட்டது. வாசல்வரை வருகிறவரை வாசலைத் தாண்ட வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

முனியசாமி அண்ணனின் வாயை அடைக்க ஒரு சோதனை செய்தேன். ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் பாதித் தண்ணீர், பாதி கூலன்ட். இரண்டையும் ஐஸ் கம்பெனியில் கொடுத்து, ஐஸ் பாளம் உறையும் தொட்டியில் ராத்திரி முழுவதும் போட்டு வைக்கச் சொன்னேன். காலையில் போனால் தண்ணீர் பாட்டில் வெடித்துக் கிடந்தது. மற்றது குலுக்கினால் சளசளவென்று ஆடியது.

முனியசாமி அண்ணன் உடைந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டு நாளும் ரேடியேட்டர்ல நல்லதண்ணிதான் ஊத்துறோம்" என்றார்.

"நம்ம ஊரு வெயிலுக்கு அது போதும்ண்ணே. அங்க போனா எஞ்சின் ரெண்டாப் போகும்."

அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் யாரும் சிரிக்கவில்லை. பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியது போட்டார்கள். வழுக்கையாகியிருந்த டயர்களை மாற்றினார்கள். கண்ணாடி கழுவும் தண்ணீரில் உறையாத மருந்து கலந்தோம். கம்பளி, டார்ச், கயிறு, மண்வெட்டி எல்லாம் டிக்கியில் ஏறின. சக்கரத்தில் சுற்றும் சங்கிலி மட்டும் எங்கள் பக்கம் கிடைக்கவில்லை. ஊஞ்சல் சங்கிலியை வெட்டித் தரட்டுமா என்று கேட்டார்கள். மலையடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருந்தேன்.

அப்பா தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு சாக்கு மணலை நான் தூக்க முடியாமல் தூக்கியபோது மட்டும் வந்து கை கொடுத்தார். சக்கரம் வழுக்கினால் அடியில் போடத்தான் மணல் என்று விளக்கப் போனேன். "மணலு இல்லாம எந்த வண்டியவாச்சும் நான் எடுத்திருக்கேனா?" என்றார். நெருப்பை அணைக்க என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் காரை எடுத்துக்கொண்டு சாத்தூர் போனவர், திரும்பி வந்து பின்பக்கத்தைக் காட்டினார். சைலன்சர் குழாயின் வாய்க்குள் உருண்டையாக ஒரு கம்பி வலைக் கூடு பற்றவைக்கப்பட்டிருந்தது. அரெஸ்டர் என்போம். எஞ்சினிலிருந்து வரும் நெருப்புப் பொறி வெளியே விழாமல் தடுப்பது. அது இல்லாத வண்டியைப் பட்டாசுக் கம்பெனிக்குள் விடமாட்டார்கள்.

"நாம வெடி ஏத்திட்டாப்பா போறோம்?"

"ஏத்துறமோ இல்லையோ. இது இல்லாத வண்டியில எம் மகள வச்சு ஓட்ட மாட்டேன்."

எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. நான் படித்துச் செய்தவற்றோடு அவருக்குத் தெரிந்ததையும் அவர் சேர்த்திருக்கிறார். இவ்வளவு பாதுகாப்பான கார் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறை வரை காத்திருந்தால் ஞாயிறுக்குப் போய்ச் சேர முடியாது. லீவு சொல்லிவிட்டு முன்னமே கிளம்பினோம். முதல் இரண்டு நாள் நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. சாத்தூர் சேவைக் கொறித்துக்கொண்டே ஆந்திராவைத் தாண்டினோம். கட்டுச்சோறு தீர்ந்ததும் அப்பாவின் பேச்செல்லாம் பரோட்டாவைச் சுற்றித்தான். வடக்கே பரோட்டா என்று கேட்டால் உருளைக்கிழங்கை உள்ளே வைத்த தடித்த ரொட்டியைத் தந்து, மேலே வெண்ணெய்க் கட்டியை வைத்தார்கள்.

"இதுல எங்கன பரோட்டா இருக்கு?" என்றார் அப்பா. விருதுநகரில் எண்ணெயில் பொரித்து எடுக்கும் பரோட்டாவைத் தின்று வளர்ந்தவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? ஆனால் இரண்டு வாங்கித் தின்றார்.

அவருடைய ஹிந்தியும் லோடு வண்டி ஹிந்திதான். நிறுத்து, இறக்கு, கையெழுத்துப் போடு, எவ்வளவு. இந்த நாலை வைத்துக்கொண்டு ரோட்டோர தாபாக்காரரோடு அரைமணி நேரம் சிரித்துப் பேசினார். பத்தாம் வகுப்பிலிருந்து ஹிந்தி எழுத்துக் கூட்டிப் படித்த நான் கை ஜாடையில் டீ கேட்டேன்.

முதல் அதிர்ச்சி டெல்லிக்கு முன்பே வந்தது. காலை விடிந்தும் விடியவில்லை. கண்ணாடிக்கு வெளியே மூடுபனி வெள்ளைச் சுவராக நின்றது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு ஒரு கணம் தெரியும், மறுகணம் இருக்காது. நான் விளக்குகளில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தேன். அதனால் எந்தப் பயனும் இல்லை. எங்கேயோ இடப்பக்கம் உலோகம் மோதும் சத்தம். அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. காதில் மட்டும் வரிசையாக விழுந்தது.

அப்பா காரை ரோட்டை விட்டுச் சரித்து ஒரு பெட்ரோல் பங்குக்குள் விட்டார்.

"எத்தனை தடவை இந்த ரோட்டுல வந்திருக்கீக?"

"தீபாவளிக்கு முந்தி வந்து இறக்கிட்டு ஓடியாந்துருவோம் தாயி. மார்கழியில இந்த ஊரு இப்படிக் கிடக்கும்னு எனக்கு என்ன தெரியும்?"

பங்கில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு சர்தார் டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். "முன்னால் போகிறவன் விளக்கைப் பார்த்தே பின்னால் போகாதே. அவன் வீட்டுக்குள் விட்டால் நீயும் அவன் வீட்டுக்குள் விடுவாய்" என்றார் ஒருவர். "அவன் மனைவி சாப்பாடு போட்டால் சரி" என்றார் மற்றவர். வெளியே ஆம்புலன்ஸ் போனது. அதையும் பார்க்க முடியவில்லை.

வெயில் வந்த பிறகுதான் நகர்ந்தோம். ஊரில் வெயிலைத் திட்டாத நாளில்லை எனக்கு. அன்று கும்பிட்டேன்.

மலையடிவாரத்தில் தங்கினோம். சக்கரச் சங்கிலி வாடகைக்குக் கிடைத்தது. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் மெழுகாய் நின்றது. காரில் மறந்துவிட்ட தண்ணீர் பாட்டில் உறைந்து உருட்டுக்கட்டை போல் ஆகியிருந்தது. லாட்ஜ் நடத்திய அம்மாள், ராத்திரியில் கை பிரேக் போடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும், கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள் என்றார். வைப்பரைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். எல்லாம் எனக்கு முன்பே தெரிந்தவைதான். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன்.

காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, குளிக்கக் கொடுத்த கொதிநீர் வாளியோடு அப்பா காரை நோக்கிப் போவது ஜன்னலில் தெரிந்தது. காரின் முன்கண்ணாடி முழுவதும் உறைபனி. கத்துவதற்குள் ஊற்றிவிட்டார்.

பட்டென்று ஒரு சத்தம். கண்ணாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு விரிசல் ஓடியது.

நான் விரிசலைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் வாளியைப் போட்டுவிட்டுப் பனியில் குப்புற விழுந்து, தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடந்தார். லாட்ஜ் அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அப்பா எழுந்திருக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். "ஒண்ணுமில்லப்பா. கண்ணாடிதான். கண்ணாடி."

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு நினைவு வந்தது. மீசையில் ஒட்டியிருந்த பனியைத் துடைத்துக்கொண்டார். ஒரு சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் என்ன சத்தம் என்று கேட்பதில்லை. பட்டாசுக் கம்பெனியில் எந்த ஷெட், உள்ளே யார் என்றுதான் கேட்பார்கள். அதை அந்த அம்மாளுக்கு எந்த மொழியில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

விரிசலின் மேல் டேப் ஒட்டிக் கிளம்பினோம். அன்று சனிக்கிழமை. மதியத்துக்குள் எஸ்தர் வீட்டில் இருக்க வேண்டும்.

மலையேற ஏற இரண்டு பக்கமும் வெள்ளை. அழகு என்று சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவு வெள்ளையை நான் பஞ்சுக் குடோனில்கூடப் பார்த்ததில்லை. சங்கிலி கடகடவென்று பனியைக் கடித்துக்கொண்டு போனது. ஒரு வளைவில் சக்கரம் சுழன்றபோது அப்பா இறங்கி மணலைத் தூவினார். கார் ஏறிவிட்டது. "பாத்தியா, எதுக்கும் ஆகும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஊருக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு டிரக் வழுக்கி ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. மேலே பனி கொட்ட ஆரம்பித்தது. இரண்டு ஜன்னலையும் ஏற்றி, ஹீட்டர் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தோம்.

இப்படி நிற்கும்போது சைலன்சர் வாயைப் பனி மூடக்கூடாது, மூடினால் புகை உள்ளே வரும். அதுவும் எனக்குத் தெரியும். இரண்டு தடவை இறங்கிப் போய்க் கையாலேயே குழாயைச் சுற்றிப் பனியை வாரி எறிந்தேன். குழாய் வாய் பளிச்சென்று தெரிந்தது. திருப்தியாக வந்து உட்கார்ந்தேன்.

அப்பா பேசினார். வழக்கத்தைவிட அதிகம் பேசினார். காரியாபட்டிப் பக்கம் ஒரு மழைநாளில் லோடு வண்டி சகதியில் மாட்டியதைச் சொன்னார். பாதியில் நிறுத்திக் கொட்டாவி விட்டார். எனக்குத் தலை வலித்தது. உயரத்துக்கு வந்தால் தலை வலிக்கும் என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். சரி என்று சாய்ந்தேன். வயிற்றைப் புரட்டியது. அதுவும் உயரத்தால்தான் என்று நினைத்தேன்.

"எஸ்தரு" என்றார் அப்பா. "அந்தத் தண்ணிய எடு தாயி."

மூன்று வருடமாக எங்கள் வீட்டில் அவர் வாயில் வராத பெயர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அவர் கண் பாதி மூடியிருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் கை வரவில்லை. தலை தொங்கியது.

"அப்பா."

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அது வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முழுதாக எரியாத எரிபொருள், நிறமும் மணமும் இல்லாத வாயு, ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்வது. வருடா வருடம் கரும்பலகையில் நான் எழுதிப் போடுகிற பாடம். அதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு மலைக்காற்று என்று நினைத்திருக்கிறேன்.

கதவைத் திறந்தேன். இறங்கப் போனவள் விழுந்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. முட்டி போட்டு ஊர்ந்து அந்தப் பக்கம் போய் அப்பா கதவைத் திறந்து, சாவியை அணைத்து, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் பனியில் சரிந்தோம். தமிழில்தான் கத்தினேன். வேறு எந்த மொழியும் வாயில் வரவில்லை.

முன்னால் நின்ற பால் வண்டியிலிருந்தும் ஜீப்பிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். அப்பாவைப் புரட்டிப் போட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றி, கன்னத்தில் தட்டினார்கள். "மூச்சு இருக்கிறது, மூச்சு இருக்கிறது" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் காரின் பின்னால் போய்க் குனிந்து, போன் டார்ச்சைக் குழாய்க்குள் அடித்தேன்.

வாய் சுத்தமாக இருந்தது. ஒரு விரல் ஆழத்தில், அரெஸ்டரின் கம்பி வலை முழுக்க ஐஸ். எஞ்சினின் ஈரப்புகை வலையில் பட்டுப் பட்டு உறைந்து, ஒவ்வொரு கண்ணையும் அடைத்து, பெரிய கற்கண்டுக் கட்டி போல மினுங்கியது. வெளியே போக வழியில்லாத புகை குழாயின் எந்தப் பொருத்து வழியாகவோ எங்கள் காலடிக்கு வந்திருக்கிறது. எங்கள் ஊரில் உயிரைக் காக்கிற பொருள். அவர் எனக்காக வைத்தது. நான் பெருமைப்பட்டது. அதைக் காலால் உதைத்தேன். அசையவில்லை.

குறுக்கே கிடந்த டிரக்கின் ஓரத்தில் ஆள் நடக்க மட்டும் இடம் இருந்தது. நாலு பேர் அப்பாவை என் கம்பளியில் கிடத்தி அந்த இடைவெளி வழியாகத் தூக்கிப் போனார்கள். அந்தப் பக்கம் திரும்ப முடியாமல் நின்ற ஒரு வேனைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய், அகலமான இடத்தில் திருப்பி, ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். அந்த வட்டாரத்தில் இருப்பது ஒரே ஆஸ்பத்திரி.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் ஹிந்தியில், "என்ன ஆச்சு, பெயர் என்ன?" என்று கேட்டபடியே குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். கார்ப் புகை என்றார்கள் தூக்கி வந்தவர்கள்.

எஸ்தர் அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "எம்புட்டு நேரம் எஞ்சின் ஓடுச்சு?" என்றாள். குரலில் எதுவும் இல்லை.

சொன்னேன்.

"வாந்தி எடுத்தாகளா? இடையில முழிச்சாகளா?"

அதற்கும் பதில் சொன்னேன். கேட்டுக்கொண்டே மாஸ்க்கை அப்பாவின் முகத்தில் மாட்டி, ஆக்சிஜனைத் திறந்து, விரலில் எதையோ பொருத்தி, டாக்டரைக் கூப்பிட ஆளனுப்பி எல்லாவற்றையும் செய்து முடித்தாள். என்னையும் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து எனக்கும் ஒரு மாஸ்க் மாட்டினாள். ரப்பரைச் சரிசெய்த விரல்கள் என் கன்னத்தில் ஒரு கணம் நின்றன.

டாக்டர் வந்தார், பார்த்தார். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்து, எஸ்தரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிழைத்துக்கொள்வார், ஆனால் மாஸ்க்கை எடுக்கவே கூடாது என்றார்.

வெகுநேரம் கழித்து அப்பா கண் விழித்தார். கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற வெள்ளை உடுப்பைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போய் அவள் முகத்தில் நின்றார். கை மெல்ல மாஸ்க்குக்குப் போனது.

"எடுக்காதீகப்பா."

அவர் இன்னும் கொஞ்சம் இழுத்தார். உதடு அசைந்தது. எஸ்தர் அவர் கையைத் தட்டிவிட்டு மாஸ்க்கை அழுத்திப் பிடித்தாள். அதுவரை இல்லாத சத்தம் அப்போது அவளுக்கு வந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது. அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது.

"பேசக் கூடாதுங்கறேன்ல? மூணு வருசம் பேசாமத்தானே இருந்தீக. இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தா என்ன, குறைஞ்சா போயிருவீக?"

மாஸ்க்குக்குள் மூச்சு வெள்ளையாகப் படர்ந்து அவர் வாய் தெரியாமல் போனது. கண்ணோரம் வழிந்த நீர் மாஸ்க் ரப்பரில் தேங்கியது. அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். ஸ்டியரிங் பிடிக்கிற பிடி.

அடுத்த கட்டிலுக்கு ஊசி போடும் நேரம். எஸ்தர் ஒரு தடவை கையை இழுத்துப் பார்த்தாள். அவர் விடவில்லை. அவள் மறு கையால் மருந்துத் தட்டை எடுத்து, எட்டி நின்ற இன்னொரு நர்ஸிடம் நீட்டினாள்.